கிருமிக்கு விசா வேண்டாம்

மெஹர் பானுவுக்கு எதையும் திறந்து பார்க்காமல் இருக்க முடியாது. தையல் மெஷின் மோட்டார் நின்றால், மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் திருப்புளியை எடுத்துவிடுவாள். கடையநல்லூரில் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சீருடை தைக்கிறாள். வயது நாற்பத்து மூன்று. கணவர் நாசர் பத்தொன்பது வருடமாகச் சவூதியில், தம்மாமில் வேலை பார்க்கிறார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வந்து இரண்டு மாதம் இருப்பார்.

போன வருடம் ஓர் அறக்கட்டளை, பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ச் சோதனை முகாம் நடத்தியது. முகாமுக்கு அழைப்புச் சீட்டுக் கொடுக்க வந்த மாரி, பானுவின் தெருவில் மட்டும் பாதி வீடுகளில் ஏறாமலே தாண்டிப் போனாள். பானு ஓடிப்போய் மறித்தாள்.

“ஏ மாரி, எங்களையெல்லாம் மனுசக் கணக்குல சேக்க மாட்டியா?”

“கோவப்படாதிய பானுக்கா. புருசன் பொண்டாட்டி சேந்து இருந்தா ஒட்டுற கிருமியால வார நோயாம் இது. ஒங்க வீட்டுக்காரவ சவூதில்லா இருக்காவ?”

“ரெண்டு வருசத்துக்கு ஒருக்க அவுக வருதாவல்லா? கிருமிக்கு மட்டும் விசா குடுக்க மாட்டாங்களோ?”

மாரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சீட்டையும் கொடுத்தாள்.

மாரியை மட்டும் குறை சொல்லி என்ன? வெளிநாட்டில் இருப்பவரின் மனைவிக்குப் பல் வலிக்கலாம், முட்டி வலிக்கலாம். இடுப்புக்குக் கீழே ஒன்றுமே இருக்கக் கூடாது என்று ஊர் முடிவு செய்து வைத்திருக்கிறது. அந்த முடிவுதான் மாரியின் கையில் பட்டியலாக இருந்தது.

முகாமில் இலஞ்சி ஊர்க்கார நர்ஸ் மீனா சோதனை செய்தாள். திரைக்குப் பின்னால் படுத்திருந்த பானுவின் வாய் ஓயவில்லை.

“என்னம்மா அது, காடி வாடை அடிக்குது?”

“வினிகர் மாதிரி ஒண்ணுதான்க்கா. தடவிட்டு ஒரு நிமிசம் பாக்கணும்.”

“ஊறுகாயா போடுதிய?”

மீனா சிரித்தாள். நிமிடம் முடிந்ததும் சிரிப்பு நின்றது. “ஒரு எடம் வெள்ளையாத் தெரியுது. கேன்சருன்னு அர்த்தம் இல்ல. தென்காசி பெரியாஸ்பத்திரில லென்ஸ் வச்சுப் பாக்கணும். தள்ளிப் போடாதிய.”

பானு பயந்துபோனாள். ஆனாலும் கேட்டாள்: “நான் பாக்கலாமா?”

இத்தனை வருட வேலையில் இப்படி ஒருத்தி கேட்டு மீனா பார்த்ததில்லை. கைக்கண்ணாடியைப் பிடித்து டார்ச் அடித்தாள். இளஞ்சிவப்பாக, ஈரமாக, நடுவில் ஒரு சின்னத் துளை. அதன் ஓரத்தில் நகம் அளவுக்கு வெள்ளை. இரண்டு பிள்ளைகள் வந்த வழியை நாற்பத்து மூன்று வயதில்தான் முதன்முதலாகப் பார்க்கிறாள். பயத்தையும் மீறி, இவ்வளவுதானா என்று வியப்பாக இருந்தது.

“இது எப்ப வந்திருக்கும்?”

“இத உண்டாக்குற கிருமி வருசக்கணக்குல சத்தமில்லாம இருக்கும்க்கா. முக்காவாசிப் பேருக்குத் தானாவே போயிரும். எப்ப வந்துச்சு, யாருட்ட இருந்து வந்துச்சுன்னு எந்த டெஸ்டும் சொல்லாது.”

அன்று சாயங்காலம் நாசர் போனில் வந்தபோது எல்லாவற்றையும் சொன்னாள்.

“நான் இங்கன இருக்கேன். ஒனக்கு எப்படி வரும்? தெருவுல நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க. யாருட்டயும் மூச்சு விடாத. லீவுல வந்து நானே கூட்டிட்டுப் போறேன்.”

“லீவு எப்ப?”

“பதினாலு மாசம் இருக்கு.”

இந்தக் கிருமி ஆணிடமும் இருக்கும், பெண்ணிடமும் இருக்கும். ஆனால் ஊர் விசாரணை பெண்ணிடம் மட்டும்தான் நடக்கும். அந்த விசாரணைக்குப் பயந்து வாய் மூடியே செத்தவர்கள் எத்தனை பேரோ! பானு பயந்துதான் இருந்தாள். ஆனால் அந்த வெள்ளை இடம் பதினாலு மாதத்தில் என்னவாகும் என்று தெரியாமல் இருப்பது அதைவிடப் பெரிய பயமாக இருந்தது.

“எங்க இருந்து வந்துச்சுன்னு நான் ஒங்களக் கேக்கல. நீங்களும் என்னைக் கேக்காதிய. வியாழக்கிழமை போறேன்.”

தன்னை அக்காவாக நினைக்கும் பக்கத்து வீட்டு ஹுஸ்னாவிடம் ஒளிக்காமல் சொல்லி, துணைக்கு அழைத்துக்கொண்டு தென்காசிக்கு பஸ் ஏறினாள். டாக்டர் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். செல்கள் மாறத் தொடங்கியிருந்தன, புற்றுநோய் ஆகவில்லை. அடுத்த முறை போனபோது அந்த இடத்தில் மட்டும் சூடு வைத்து அழித்தார்கள். சில நிமிட வேலை. திரும்பும் வழியில் ஹுஸ்னா, “லாத்தா, எனக்கும் ஒருக்கப் பாத்துருவமா?” என்று பஸ் இரைச்சலுக்குள் மெதுவாகக் கேட்டாள்.

சாயங்காலம் போனில் நாசரின் குரல் இறங்கியிருந்தது. “வலிச்சுதா?”

“அடிவயித்த இழுத்துப் பிடிச்ச மாதிரி இருந்துச்சு. இப்ப இல்ல. வருசம் கழிச்சு திரும்பப் பாக்கணுமாம்.”

“பானு… ஆம்பளைக்கு இதுக்கு டெஸ்ட் இருக்கா?”

பானு நிமிர்ந்து உட்கார்ந்தாள். அதைக் கேட்க அவளுக்கே தோன்றவில்லை.

“தெரியலியே! மீனா நம்பர் இருக்கு. வைங்க போனை, கேட்டுச் சொல்லுதேன்.”