கடல் விலகிய காலை

பனகரா ஊர் கடலிலிருந்து பார்த்தால் தெரியாது. கடற்கொள்ளைக்காரர்களுக்குப் பயந்து முன்னோர்கள் மலையின் முதுகுப் பக்கம் ஒளித்துக் கட்டிய ஊர். அதற்கு முன் அவர்கள் கரையில் இருந்தார்கள், அந்த ஊரைக் கடல் கொண்டுபோய்விட்டது என்று ஒரு பேச்சு உண்டு. சம்பேத்தா அதை நம்பியதில்லை. கப்பலேறிய கணவன் திரும்பாமல் போனபின், பாறைக் குழிகளில் காய்ந்த உப்பைச் சுரண்டி விற்று மூன்று பெண்களை வளர்த்தவள். அந்தக் கரையில் அவள் மிதிக்காத கல் இல்லை.

உலகப் போர் முடிந்து பத்து வருஷம் இருக்கும். ஒரு ஜூலைக் காலை, உப்பெடுத்துக்கொண்டிருந்தபோது நிலம் குலுங்கியது. பாறையைக் கட்டிக்கொண்டாள். ஆட்டம் நின்றபோது அலைச் சத்தத்தைக் காணோம். நிமிர்ந்தாள். தண்ணீரே இல்லை. படகுகள் சேற்றில் சாய்ந்து கிடந்தன, மீன்கள் துள்ளின. அவற்றுக்கும் அப்பால், பாசி மூடிய படிக்கட்டு ஒன்று கீழே கீழே இறங்கிக்கொண்டே போனது.

அவள் மேட்டுக்கு ஓடியிருக்க வேண்டும். கால்கள் படியை நோக்கித்தான் போயின. ஒவ்வொரு படியும் நடுவில் குழிந்திருந்தது. உளி செய்த குழி அல்ல, பாதங்கள் செய்தது. வெறுங்காலை அதில் வைத்தாள். கல் தேயும்படி எத்தனை ஆயிரம் பேர் தண்ணீர்க் குடத்தோடும் பிள்ளைகளோடும் இதில் ஏறி இறங்கியிருப்பார்கள்.

மேலே ஆட்டுப்பட்டியிலிருந்து கொழுந்தன் நிகிதாஸ் கத்தினான். "அண்ணி, அங்க என்ன திருவிழாவா பாக்குற? மேல ஏறு!"

"இங்க படி இருக்குடா."

"படி கெடக்கட்டும், கடலு திரும்பி வருது பாரு!"

அடிவானத்தில் வெள்ளைக் கோடு ஒன்று எழுந்திருந்தது. சம்பேத்தா உப்புப் பையைப் போட்டுவிட்டு ஓடினாள். தண்ணீர் எலுமிச்சைத் தோட்டம்வரை ஏறி, நான்கு படகுகளை அள்ளிக்கொண்டு இறங்கியது. மலைக்குப் பின்னால் இருந்த ஊரில் ஓர் உயிர்கூடப் போகவில்லை.

காப்பிக்கடையில் அவள் சொன்னதற்கு எல்லோரும் சிரித்தார்கள்.

"நீ ஒருத்திதான் பாத்த. சாட்சிக்கு மீனக் கூப்பிடவா?" என்றான் நிகிதாஸ்.

"கூப்பிடு. அதுங்க உன்னவிட நெஜம் பேசும்."

ஏழு வருஷம் கழித்து, கடலடியில் கடற்பஞ்சு எடுக்க வந்த மெலிந்த ஒரு முக்குளிப்பவன், மூச்சிரைக்கக் காப்பிக்கடைக்குள் வந்தான். "கீழ ஒரு தெருவே இருக்குய்யா. ஒரு வீட்டுல அடுப்புகூட அப்படியே இருக்கு" என்றான்.

நிகிதாஸ் தொப்பியைக் கழற்றிக்கொண்டு எழுந்தான்.

"அண்ணி, எந்தப் பக்கம்னு காட்டு."

கரையில் நின்று அவள் கைநீட்டினாள். வெறும் தண்ணீர்தான் மின்னியது. இருவரும் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.