இடது கைக் கவசம்

என் மகன் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் வெல்டிங் வேலைக்குப் போகிறான். இந்தத் தொண்ணூற்றொன்றாம் வருடப் பொங்கலோடு ஒரு வருடம் ஆகிறது. போன வாரம் ஷிப்ட் முடிந்து வந்தவன், முழங்கை வரைக்கும் வருகிற தோல் கையுறையைக் கழற்றிக் கட்டில்மேல் போட்டுவிட்டுக் குளிக்கப் போனான். யாரும் இல்லையே என்று அதை என் இடது கையில் மாட்டிப் பார்த்தேன். உடனே கழற்றிவிட்டேன். திருடியவள் மாதிரி வாசலைப் பார்த்தேன். காரணம் உண்டு. யாரிடமும் சொன்னதில்லை.

அப்போது எனக்கு எட்டு வயது. வல்லத்துக்குப் பக்கத்தில் தாய்மாமன் வீட்டில் தங்கிப் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். ஊர் அம்மன் திருவிழாவில் பாரதக் கூத்து நடக்கும். மாமாவுக்கு ராஜா வேஷம். வேஷக்காரர்கள் காப்புக் கட்டிவிட்டால் நாற்பது நாளும் கோயிலில்தான் சாப்பாடு, கோயிலில்தான் படுக்கை. வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது. மாமாவுக்குக் கல்யாணமாகி அப்போது நாலு மாதம்கூட ஆகவில்லை. புது அத்தையும் நானும் ஒரே பாயில் படுத்துக்கொள்வோம்.

கடைசி நாள் படுகளம், ராஜா போரில் அடிபட்டு விழுகிற கட்டம். பகலில் நடப்பது. மண்ணால் செய்த பெரிய ராஜா உருவம் தரையில் மல்லாந்து கிடக்கும். அதைச் சுற்றி ராஜா வேஷக்காரர் ஓட, கதாயுதக்காரர் துரத்துவார். மற்ற நாளில் அடி எல்லாம் பாவனைதான். படுகளத்தன்று மட்டும் மூன்று அடி நிஜமாக விழ வேண்டும். ராஜா இடது கையைத் தூக்கி மரக்கவசத்தில் அதைத் தாங்குவார். அந்தச் சத்தம் ஏரிக்கரை வரைக்கும் கேட்டால்தான் அந்த வருடம் மழை என்று ஊரில் நம்பிக்கை.

அன்று காலை கஞ்சி கொண்டுபோனவள் நான். ராத்திரி வேஷம் கட்டிய வேர்வைக்கு, கவசங்களைக் கோயிலுக்குப் பின்னால் வெயிலில் காயவைத்திருந்தார்கள். பெண்பிள்ளைகள் தொடக்கூடாத சாமான். இடது கைக் கவசத்தில் கண்ணாடித் துண்டுகள் பதித்திருந்தன. குனிந்தால் ஒவ்வொன்றிலும் என் கண் தெரிந்தது. பாவாடையில் சுற்றி வீட்டுக் கொல்லைக்குக் கொண்டுவந்துவிட்டேன். மாட்டினால் தோள் வரைக்கும் வந்தது. ஆமணக்குச் செடிகளை எதிரிப் படையாக நினைத்து நாலு வீசு வீசினேன். நாலாவது வீச்சு கிணற்றுக் கல்லில் பட்டது. ஒரு கண்ணாடி தெறித்து விழுந்தது. பயத்தில் கவசத்தை வைக்கோல் போருக்குள் செருகிவிட்டு ஒன்றும் தெரியாதவள் போல் படுகளம் பார்க்கப் போனேன்.

அங்கே கவசத்தைக் காணாமல் எல்லோரும் தேடிக்கொண்டிருந்தார்கள். பம்பை அடிக்கத் தொடங்கியாகிவிட்டது. நிறுத்த முடியாது. மாமா இடது கையில் துண்டைச் சுற்றிக்கொண்டார்.

கதாயுதக்காரர் தயங்கினார். “வேணாம்டா தம்பி, சும்மா ஓங்கி உட்டுர்றேன்.”

“அடிண்ணா. சாமி காரியத்துல சும்மா இன்னா?”

இரண்டு அடியைத் தாங்கினார். மூன்றாவது அடியில் கேட்டது எலும்பின் சத்தம். மாமா மண் ராஜாவின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். மணிக்கட்டு கோணிக்கொண்டு தொங்கியது.

சாயங்காலம் தீமிதி. குற்றம் எது என்று தெரியாமல் யாரையும் நெருப்பில் இறக்க மாட்டேன் என்று பூசாரி உட்கார்ந்துவிட்டார். மாமாவின் அக்கா, என் பெரியம்மா, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நடுவில் வந்தாள்.

“பொடுசுங்கள எல்லாம் கூப்புடு. உள்ளங்கைல கற்பூரம் ஏத்தி சத்தியம் பண்ணட்டும். எட்த்த கை காட்டிக் குடுக்கும்.”

பூசாரி கற்பூரத்தை எடுத்தார். வரிசையில் நான் மூன்றாவது. என் கால் வழியாக மூத்திரம் இறங்கியது. அப்போதுதான் கூட்டத்துக்குப் பின்னாலிருந்து அத்தையின் குரல் வந்தது.

“நான்தான் எட்த்தேன். ஆசைக்கு மாட்டிப் பாத்தேன். வைக்கப் போர்ல கீது.”

கொல்லையில் நான் ஒளித்ததை அவள் பார்த்திருக்கிறாள்.

“வெறுமனே தொட்டா கை ஒடியுமாடி?” என்றாள் பெரியம்மா. “நெஜத்தச் சொல்லு. நீ வீட்டுக்குத் தூரமா?”

அத்தை என்னைப் பார்த்தாள். என் நனைந்த பாவாடையையும் பார்த்தாள்.

“ஆமா” என்றாள்.

குற்றம் தெரிந்துவிட்டது. கவசத்தை மஞ்சள் தண்ணீரில் கழுவினார்கள், தீமிதி நடந்தது. அத்தையை மூன்று நாள் மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். நான் தூரத்திலிருந்து தண்ணீர் வைத்துவிட்டு ஓடி வந்துவிடுவேன்.

அது சித்திரை. கார்த்திகையில், வளைகாப்புக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தபோதே, அத்தைக்குப் பிள்ளை பிறந்துவிட்டது. கொழுகொழுவென்று ஆண் பிள்ளை. ஏரிக்கரையில் துணி துவைக்கிற பெண்கள் விரல்விட்டு எண்ணினார்கள்.

“திருவிழா அன்னிக்கு தூரம்னா, இது ஏழு மாசம். ஏழு மாசப் புள்ளையா இது?”

“அப்ப அன்னிக்கு சொன்னது பொய்யி. புருசன் கோயில்ல கெடக்க சொல்ல வயித்துல நின்னு போச்சி போல, அத மறைக்கத்தான் தூரம்னு சொல்லிக்கிறா.”

அதில் ஒருத்தி, பெரியம்மாதான், என்னைக் கூப்பிட்டாள். “நீ அவகூடத்தான படுத்துக்கினு இருந்த? திருவிழாவப்போ அவ தனியா ஒதுங்கிப் படுத்தாளா?”

அவர்கள் எதை எண்ணுகிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. மாமாவின் கை ஒடிந்ததற்கு இன்னும் அத்தையைத் திட்டுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். ஏழு மாதமாக நெஞ்சில் கிடந்ததில் பாதியையாவது இறக்கி வைக்க இதுதான் சமயம் என்று தோன்றியது. கவசத்தை எடுத்தது நான் என்பது மட்டும் வாயில் வரவில்லை.

“இல்ல பெரிம்மா. அத்த அன்னிக்கு தூரமே இல்ல. அந்த மாசம் பூரா என் பக்கத்துலதான் படுத்துக்கினு இருந்துச்சி. சத்தியமா.”

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அத்தையைக் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்தேன். வீடு வரைக்கும் குதித்துக்கொண்டே போனேன்.

பத்து நாள் கழித்து, அத்தையைத் தாய்வீட்டுக்கே கூட்டிப்போக, அவள் அண்ணன் வண்டி கட்டிக்கொண்டு வந்தார். மாமா கோணிய கையை மடியில் வைத்துக்கொண்டு உள்ளேயே இருந்தார். அத்தை பிள்ளையோடு வண்டியில் ஏறினாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

“அத்த, வரும்போது எனக்கு பொரி உருண்ட கொண்டா.”

அவள் குனிந்து, என் இடது கையை எடுத்து, உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். “சரி” என்றாள்.

பொங்கல் வரைக்கும் தினமும் தெருமுனையில் நின்று பார்த்தேன், பொரி உருண்டைக்காக.