பல குரல், ஒரே தொண்டை

என் வீட்டுக்காரர் கிறிஸ்டோபர் தப்புக் கண்டுபிடிப்பதற்கென்றே பிறந்தவர். காந்தி ரோட்டுக்குப் பின்சந்தில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் கடை வைத்திருக்கிறார். ஓட்டலுக்குப் போனால் சாப்பாடு சொல்லமாட்டார். பலகையில் 'பொறியல்' என்று எழுதியது யார் என்று விசாரிப்பார். கல்யாணத்துக்கு முன் நான் எழுதிக் கொடுத்த ஒரே காதல் கடிதத்தில் சந்திப்பிழைகளைச் சுழித்துத் திருப்பிக் கொடுத்த புண்ணியவான். அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

இப்படிப்பட்டவருக்குத்தான் ஒருநாள் தேவாலயத்தில் பூசை முடிந்து வரும்போது ஒரு யோசனை தோன்றியது. ஒரே பங்கில் இருக்கும் நாம் வாரத்தில் ஒரு மணி நேரம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து எழுந்து போகிறோம், ஒருவர் மனசு ஒருவருக்குத் தெரிவதில்லை. ஒரு வலைப்பூ தொடங்கி ஆளாளுக்குத் தங்கள் விசுவாசத்தைத் தங்கள் பேச்சிலேயே எழுதினால் என்ன? பெயர்கூட அவரே வைத்தார்: 'பல குரல்'. சொல்லும்போது அவர் முகம் அப்படி மலர்ந்தது. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

எங்கள் பாதர், பங்குச் சாமியார், சம்மதித்தார். ஆனால் ஒரு நிபந்தனை.

"புகார்னு ஒண்ணு வந்துச்சு, அன்னிக்கே மூடிடணும். எனக்கு ஏற்கெனவே பிரஷர் மாத்திரை ரெண்டு."

முதலில் எழுதியவர் ஆட்டோ ஓட்டும் அந்தோணி. "சவாரி வராத நேரத்துல சும்மா குந்திக்கினு செபமாலை உருட்டுவேன்" என்று அனுப்பியிருந்தார். அது வலைப்பூவில் வந்தபோது, "பயணியர் வாராப் பொழுதுகளில் தனித்தமர்ந்து செபமாலை தியானிப்பேன்" என்றிருந்தது. ஸ்டாண்டில் அவரைப் புலவரே என்று கூப்பிடத் தொடங்கினார்கள். அடுத்தது கல்லூரியில் படிக்கும் அனு. சண்டே மாஸ்ல செம தூக்கம் வருது, ஜீசஸ் கோச்சிக்கமாட்டாருன்னு நெனைக்கிறேன் என்று எழுதிய பெண்ணை, "துயில் மேலிடுகிறது, ஆண்டவர் வெகுளார் என நம்புகிறேன்" என்று சொல்ல வைத்தார் இவர். அந்தப் பெண் 'வெகுளார்' யாரென்று என்னிடம் போன் போட்டுக் கேட்டாள்.

பல குரல் என்று பெயர்தான். தொண்டை ஒன்றுதான். இதைச் சொன்னால் இவருக்குக் கோபம் வரும்.

"தப்பா போட்டா அவங்களைப் பாத்துத்தான சிரிப்பாங்க, நதியா?"

படிப்பவர்களே இல்லை, அப்புறம் சிரிப்பதற்கு யார் வருவார்கள்?

பாவத்துக்கு வருந்தும் தவக்காலம் வந்தது. பிள்ளையார்பாளையத்தில் தறி நெய்யும் லில்லி அக்கா வாய்ஸ் மெசேஜில் ஒரு பதிவு அனுப்பினார். பட்டு நூலைத் தறியில் ஏற்றுவதற்கு முன் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிச் சரிசெய்வார்கள். அதுதான் பாவு. லில்லி அக்கா சொன்னது இது:

"காலைல நானும் பக்கத்து வூட்டு அப்பாதுரை அண்ணனும் தெருவுல பாவு போட்டுக்கினு இருந்தோம். பைக்குல வந்த பாதர் எறங்கி ஒரு கை புடிச்சாரு. நல்ல நீள பாவு. நடுவுல அறுந்துச்சு, கமலாட்சி வந்து முடி போட்டுச்சு. வெயில் ஏறங்காட்டியும் முடிச்சிட்டோம். ஜெபமும் இப்படித்தான்பா, நாலு பேரு புடிச்சாத்தான் நிக்கும்."

கேட்டுக்கொண்டே இவர் போனில் தட்டச்சு செய்தார். வருஷக்கணக்கில் தவக்காலத் துண்டறிக்கைகளாகவே அடித்துப் பழகிய போன் அது. 'பாவ' என்று தொட்டதுமே 'பாவம்' என்று எடுத்துக் கொடுத்துவிடும். கொடுத்தது. 'பாவம் போட்டோம்' என்று வந்ததைப் பார்த்ததும் இவருக்குப் பொறுக்கவில்லை. பாவத்தை யாராவது போடுவார்களா? தமிழைக் காப்பாற்றிவிட்டுத்தான் தூங்கப் போனார்.

மறுநாள் ஊர் படித்தது:

"அதிகாலையில் நானும் அண்டை வீட்டு அப்பாதுரை அவர்களும் தெருவில் பாவம் செய்துகொண்டிருந்தோம். இருசக்கர வாகனத்தில் வந்த பங்குத்தந்தையும் இறங்கி ஒரு கை கொடுத்தார். மிக நீண்ட பாவம். இடையில் தடைபட்டபோது கமலாட்சி வந்து சேர்த்துவைத்தார். வெயில் ஏறுமுன் முடித்துவிட்டோம்."

பத்து மணிக்குள் அது எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் இருந்தது. பிஷப் வீட்டிலிருந்து பாதருக்குப் போன். பாதரிடமிருந்து இவருக்குப் போன். லில்லி அக்கா நேராகக் கடைக்கே வந்துவிட்டார்.

"யோவ், நான் பாவு போட்டா நீ பாவம்ன்றியா? அறுபது வயசுல எனுக்கு இது தேவையா? அப்பாதுரை அண்ணன் பொண்டாட்டி என்கிட்ட பேச மாட்டேன்னுது!"

நான் கல்லாவுக்குப் பின்னால் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தேன். இவர் மட்டும் வெளுத்துப் போய் நின்றார். தன் ஆசை வலைப்பூ அன்றோடு முடிந்தது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

மூடுவதற்கு முன் செய்யக்கூடிய ஒரே காரியத்தைச் செய்தார். லில்லி அக்காவின் பேச்சை ஓர் எழுத்து மாற்றாமல் அப்படியே போட்டார். 'குந்திக்கினு', 'துயில்' எல்லாம் நினைவுக்கு வந்திருக்க வேண்டும், அந்தோணியுடையதையும் அனுவுடையதையும்கூடப் பழையபடி மாற்றினார். 'வூட்டு'வைத் திருத்தப் போன விரலைத் தானே இழுத்துக்கொண்டார். பார்க்கவே வேடிக்கையாக இருந்தது.

முதல் பின்னூட்டம் அப்பாதுரை அண்ணனுடையது: "எனுக்கும் லில்லிக்கும் நடுவுல ஒரு தெரு நீளம் இருந்துச்சு. என் வூட்டுக்காரம்மா தயவுசெஞ்சி படிக்கவும்." அப்புறம் நெசவாளர்கள் வந்தார்கள், ஆட்டோக்காரர்கள் வந்தார்கள். மாஸில் தனக்கும் தூக்கம் வருவதாகப் பாட்டுக்குழுவில் பாதிப்பேர் ஒப்புக்கொண்டார்கள். அனுவுக்கு ஒரே பெருமை.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு பாதர் கூப்பிட்டார். இவர் சாவி கொடுக்கப் போகிறவர் மாதிரி தலையைக் குனிந்துகொண்டு போனார். நானும் கூடப் போனேன்.

"மூடிடறேன் பாதர்."

"யாரு மூடச் சொன்னா? செஞ்ச பாவத்தச் சொல்ல, பாவசங்கீர்த்தனத்துக்கு இன்னிக்கு எவ்ளோ கூட்டம் தெரியுமா? உக்காந்து உக்காந்து இடுப்பு போச்சு. எல்லாம் உன் நீண்ட பாவத்தப் படிச்சிட்டு வந்தவங்க. ஆனா தப்பு தப்புதான். பரிகாரம் தரேன். நீ ஒண்ணு எழுது. உன் பேச்சுல. திருத்தக் கூடாது."

அப்போதுதான் எனக்கே உறைத்தது. ஊரையெல்லாம் எழுத வைத்தவர் தான் மட்டும் ஒரு வரி எழுதியதில்லை.

அன்றைக்குச் சோறுகூடச் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். எழுதி முடித்ததும் போனை என் கையில் வைத்துவிட்டு, "நீயே போட்டுடு" என்று மொட்டை மாடிக்குப் போய்விட்டார்.

"சின்ன வயசுல கோயில்ல வாசகம் படிக்க வுட்டாங்க. ஏவாள் பழத்த சாப்ட்டான்னு படிக்கசொல்லோ பயத்த சாப்ட்டான்னு படிச்சிட்டேன். நம்ம வாய்க்கு ழ வராது இல்ல. கோயிலே சிரிச்சிச்சு. சாமியாரும் சிரிச்சாரு. அன்னிலேந்து அந்த பயத்த நாந்தான் சாப்ட்டுக்கினு இருக்கேன். இனிமே யாரும் யாரையும் பாத்து சிரிக்க கூடாதுன்னுதான் எல்லாத்தையும் திருத்திக்கினு இருந்தன். மண்ணிச்சிடுங்க."

இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியும் இதை என்னிடம் சொன்னதில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டேன். 'மண்ணிச்சிடுங்க' என்பதைத் திருத்த விரல் தன்னால் போனது. விரலை மடக்கிக்கொண்டு, அப்படியே போட்டேன்.

கொஞ்ச நேரத்தில் லில்லி அக்காவிடமிருந்து ஒரே ஒரு சொல் வந்தது.

"பாவம்."

மாடிக்கு ஓடிப்போய்க் காட்டினேன். இவர் போனை வாங்கிப் பார்த்தார்.

"பாவுன்னு சொல்ல வந்திருக்குமோ?" என்றார்.

"இல்லீங்க," என்றேன். "இது சரியாத்தான் இருக்குது."