நாலாம் பாகத்தில் தொண்ணூறு பக்கம்

சட்டைத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடமாக அவளுக்கு ஒரே வேலை, செக்கிங். தைத்து வரும் சட்டையில் காலர், காஜா, பட்டன், நூல் பிசிர் எல்லாம் பார்த்து, குறை இருந்தால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். ஒரு நாளைக்கு அறுநூறு சட்டை. சூப்பர்வைசர் அந்தப் பக்கம் திரும்பியதும் மற்றவர்கள் பத்துக்கு இரண்டைப் பார்க்காமலே தள்ளிவிடுவார்கள். இவள் தள்ளமாட்டாள். அதனாலேயே 'கழுகு' என்று பேர் வைத்திருந்தார்கள். வீடு திரும்பும்போது கழுகின் கண்ணில் மணலை வாரிப் போட்டாற்போல் இருக்கும் என்பது அவர்களுக்கு என்ன தெரியும்?

வீட்டிலும் கண்ணுக்குத்தான் வேலை. கணவர் லாரி ஓட்டியவர். கண்ணில் அழுத்தம் ஏறி, பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வந்து, பதினோரு வருடத்துக்கு முன் ஸ்டியரிங்கை விட்டார். வலது கண்ணில் கொஞ்சம் வெளிச்சம் மட்டும் மிச்சம். யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த மனுஷனுக்கு மகள் ஒரு தடிப் புத்தகம் வாங்கி வந்தாள். ஏழு பாகம் வரப்போகிற கதையாம். பனிமலை, பேசும் ஓநாய்கள், நாட்டை இழந்த ஓர் இளவரசி. வேண்டாவெறுப்பாகத்தான் இவள் வாசிக்க ஆரம்பித்தாள். நாலாவது பக்கத்திலேயே அவர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"மூணு நாள்ல அந்தக் கணவாயத் தாண்ட முடியாது. சுமை வண்டிக்கு அஞ்சு நாளாவது ஆகும்."

ஒரு மாதத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அது. அன்றிலிருந்து தினமும் ஒரு மணி நேரம் படிப்பு. மகள் வந்திருக்கும்போது தான் படிக்கிறேன் என்றால்கூட வேண்டாம் என்பார். அம்மா படித்தால்தான் படித்த மாதிரி என்பார். அப்படி ஒரு நம்பிக்கை அவள் குரல்மேல்.

ஏழாம் பாகம் வர நாலு வருடம் இழுத்தடித்தது. வந்தது, வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியும் உடைந்தது. படையெல்லாம் அழிந்து, எதிரியின் கோட்டை வாசலில் இளவரசி தனியாக மாட்டிக்கொண்டு நிற்கிறாள். எங்கிருந்தோ ஒரு கோவேறு கழுதைக்காரன் வருகிறான். ஆற்றுத் திட்டில் கொடுத்த வாக்கு என்கிறான். யாருக்கும் தெரியாத சுரங்கத்தில் அவளை உள்ளே கூட்டிப்போகிறான். அவ்வளவுதான், கதை முடிந்தது.

யார் இவன் என்று கேட்டார். அவளுக்கும் தெரியவில்லை.

ஒரு வாரம் வீடு இழவு வீடுதான். பதினோரு வருடம் காக்கவைத்து, எழுதினவன் மலையைக் கெல்லி எலியைப் பிடித்துக் கொடுத்துவிட்டானே என்று மகளிடம் போனில் புலம்பினார், டீக்கடையில் தம் பழைய கிளீனரிடம் புலம்பினார், மருந்துக்கடைக்காரரைக்கூட விடவில்லை. பிறகு புலம்பலும் நின்றது. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. பழையபடி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். ஏழு பாகத்தையும் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுவிடு, இனிமேல் எதுவும் படிக்க வேண்டாம் என்றார்.

கயிறு போட்டுக் கட்டும்போது நாலாம் பாகம் கையில் வந்தது. நடுவில் கொஞ்சம் பக்கம் மட்டும் அழுக்கில்லாமல், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு புதுசாக இருந்தது. அதைப் படித்த வருடம் ஏற்றுமதி ஆர்டர், இரண்டு மாதம் இரட்டை ஷிப்ட். ஒரு நாள் சேறு, மூட்டை, கழுதை என்று கதை நீண்டுகொண்டே போனதில், கண் சொருகி, ஒரே புரட்டில் தொண்ணூறு பக்கத்தைத் தாண்டியிருந்தாள். நாளைக்குத் திரும்பிப் படித்துக்கொள்ளலாம் என்று நினைத்தவள், அப்படியே மறந்துபோனாள். நூல் பிசிரை விடாத கழுகு!

மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் கேன்டீன் மூலையில் உட்கார்ந்து அதைப் படித்தாள். கழுதைக்காரன் அங்கேதான் இருந்தான். எந்த மேட்டில் சுமையை இறக்குவது, எந்தத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டே பதினாலு கழுதைகளைச் சதுப்பில் ஓட்டிப்போகிறான். ஆற்றுத் திட்டில் இளவரசிக்கு வாக்குக் கொடுக்கிறான். அச்சு அசல் இவர்தான். ஏழு பாகத்திலும் இவருக்கென்றே எழுதினாற்போல் இருந்த ஒரே ஆளை அவள் கைதான் வெட்டிப் போட்டிருக்கிறது. சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்தாள்.

பேசாமல் புத்தகக் கட்டைத் தூக்கிப் போட்டுவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதே யோசனை. சொன்னால் அவருக்குக் கதை திரும்பக் கிடைக்கும், ஆனால் அவள் குரலை அப்புறம் நம்புவாரா? சொல்லாவிட்டால் சுவர்தான். எப்படிப் பார்த்தாலும் அலுப்பாக இருந்தது. இதைச் சுமந்துகொண்டு இன்னும் எத்தனை வருடம் பக்கத்தில் படுப்பது?

செருப்பைக் கழற்றியதும் சொல்லிவிட்டாள். "புத்தகத்துல தப்பு இல்லைங்க. நான்தான் நாலாம் பாகத்துல தொண்ணூறு பக்கம் தாண்டிட்டேன்."

திட்டியிருந்தால் தேவலை. ரெண்டு ஷிப்ட் பார்த்த வருடமா என்று மட்டும் கேட்டார். தலையை ஆட்டினாள், அது அவருக்குத் தெரியாதே என்று நினைவு வந்து, ஆமாம் என்றாள். விட்ட இடத்தை வாசிக்கச் சொன்னார். கழுதைக்காரன் சேற்றில் கோலை ஊன்றி ஆழம் பார்க்கும் இடம் வந்ததும், கெட்டிக்காரன் என்று முணுமுணுத்தார். அப்பாடா, தப்பித்தோம் என்று அவளுக்கு மூச்சு வந்தது.

அவர் கையை நீட்டித் தடவிப் புத்தகத்தை மூடினார்.

"போன மாசம் கண்ணாஸ்பத்திரில குடுத்த ரிப்போர்ட்டு. அதையும் நீதானே படிச்சே?"

"ஆமாங்க."

"அதுல எவ்வளவு தாண்டினே?"

சொட்டு மருந்து விட்டால் இருக்கிற வெளிச்சம் இப்போதைக்கு நிற்கும் என்றுதான் அவரிடம் படித்திருந்தாள். அதற்குக் கீழே, ஒரு வருடத்துக்குள் அதுவும் போய்விடும் என்று இருந்தது. ஒன்றும் தாண்டவில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"ஒரு வரிங்க" என்றாள்.

அவர் புத்தகத்தை ஓரமாகத் தள்ளி வைத்தார். பிறகு, "எடுத்துட்டு வந்து படி" என்றார்.

அலமாரியில் துணிக்கு அடியில் வைத்திருந்த உறையை எடுத்து வந்தாள். அவர் எதிரில் உட்கார்ந்து, பேர், வயது, தேதி உட்பட எதையும் விடாமல், மேலேயிருந்து வாசிக்க ஆரம்பித்தாள்.