பனிக்கரடிக்காக ஒரு கையெழுத்து

வளைகுடா நாட்டு ஊரான மங்காஃபில் நாங்கள் குடியிருந்த கட்டடத்தில், கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள் யாரும் ஏசியை அணைப்பதில்லை. ஜூலையில் மூடிக்கிடக்கும் வீட்டில் பிளைவுட் அலமாரி உப்பிவிடும். புத்தகங்களின் முதுகுப் பசை இளகிவிடும். ஆகவே ஆளில்லாத அறைகள் நாற்பது நாள்களும் குளிர்ந்தபடியே கிடக்கும்.

என் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளியில் பனிக்கரடிகளைப் பற்றிப் படித்த வாரம் ஓர் உறுதிமொழி அட்டையுடன் வந்தாள். விடுமுறையில் வீட்டு ஏசியை அணைத்து வைப்பேன் என்று அவளே எழுதியிருந்தாள். கீழே பெற்றோரின் கையெழுத்து வாங்கி, விடுமுறை முடிந்ததும் பள்ளியில் கொடுக்க வேண்டும்.

"ஐஸ் மேல நின்னுதான்ப்பா அது சீல் பிடிக்கும். ஐஸ் சீக்கிரமே உருகிட்டா பட்டினி" என்றாள் அப்பாவிடம்.

எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையிலிருந்து டியூட்டி முடித்து வந்திருந்தவர் காலுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "நமக்கு விசா கொடுக்கிற கஃபீல் மாதிரி அதுக்கு ஐஸ். கஃபீல் கைவிட்டா கதை முடிஞ்சுது."

"அப்ப ஏசியை ஆஃப் பண்ணலாம்ல?"

"பண்ணலாம். திரும்பி வரும்போது உங்கம்மா புக்கெல்லாம் அப்பளமா இருக்கும். அவகிட்டயே கேளு."

நான் கையெழுத்திட்டேன். புறப்படும் நாளில் பெட்டிகள் டாக்சியில் ஏறிய பின், பூட்டைச் சரிபார்ப்பதாகச் சொல்லி மாடிக்குத் திரும்பி, அவள் அணைத்திருந்த ஏசியை மீண்டும் ஓடவிட்டேன். ஒவ்வொரு விடுமுறையிலும் பெட்டியில் துணிகளைக் குறைத்துச் சுமந்து வந்த புத்தகங்கள் அவை. ஒரு வீட்டு ஏசியால் துருவக் கடலில் எதுவும் மாறிவிடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மையாகவும் இருக்கலாம்.

"ஆஃப்லதானே இருக்கு?" என்று வண்டியில் கேட்டாள். ஆமாம் என்றேன்.

திரும்பி வந்த மதியம் கதவைத் திறந்தவள் அவள்தான். உள்ளிருந்து வந்த குளிர்காற்றில் நெற்றி முடி அசைய, சற்று நேரம் வாசலிலேயே நின்றாள். மாலையில் அட்டையை எடுத்து, என் கையெழுத்தின் குறுக்கே அடிக்கோல் வைத்து ஒரு கோடு இழுத்தாள்.

"இதை மிஸ்கிட்ட கொடுக்க முடியாதும்மா." குரலில் கோபம் இல்லை.

அடுத்த கோடையில், ஊருக்குப் போகாத கீழ்வீட்டுக்காரரின் அறையில் புத்தகங்களைப் பெட்டி பெட்டியாக வைத்துவிட்டு, அவள் பார்க்க ஏசியை அணைத்தேன். அந்த ஆண்டு பள்ளி எதுவும் கேட்கவில்லை. அட்டையை அவளே செய்திருந்தாள். கையெழுத்தைத் திரும்பி வந்த பிறகு வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தாள்.

ஆகஸ்ட் இறுதியில் கதவைத் திறந்ததும் அனல் முகத்தில் அடித்தது. அலமாரியின் மேல்தட்டு வளைந்திருந்தது. வீடு குளிரும்வரை மூவரும் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தோம்.

"உன் கரடி இப்ப நல்லாருக்குமாடி?" என்றார் அவர், சட்டையால் விசிறிக்கொண்டே.

"தெரியலப்பா" என்றவள், பையைத் துழாவி அட்டையை எடுத்து என் மடியில் வைத்தாள். பிறகு பேனாவின் மூடியைத் திறந்து நீட்டினாள்.