ஐம்பது ஹெர்ட்ஸ் இரைச்சல்

கோவையில் நான் முனைவர் பட்ட ஆய்வு செய்தபோது, ஒற்றை நரம்பு செல்லை ஒட்டுக்கேட்பதுதான் என் வேலை. முடியைவிட மெல்லிய நுனியுள்ள கண்ணாடிக் குழாயை செல்லின் மேல் பதமாக ஒட்டவைத்தால், அதில் ஓடும் துளியூண்டு மின்சாரம் திரையில் கோடாக விழும். பேட்ச் கிளாம்ப் என்பார்கள். செல் சும்மா இருக்கும்போது கோடும் சும்மா இருக்க வேண்டும். எங்கள் கோடோ சீப்புப் பல்லாக ஆடியது. வீட்டு வயரில் ஓடும் கரண்ட்டின் அதே ஐம்பது ஹெர்ட்ஸ் இரைச்சல்.

என்னோடு வேலை செய்த தோழி ஆனைமலைக்காரி. இருவரும் டியூப்லைட், ஏசி எல்லாவற்றையும் அணைத்தோம். செல்போன்களை வெளியே வைத்தோம். வேர்த்து ஊற்றியதுதான் மிச்சம். கருவியைச் சுற்றிக் கம்பிவலைக் கூண்டு கட்டிப் பார்க்கலாம் என்று உக்கடத்தில் ஒரு வலைக் கடைக்குப் போனோம்.

"கோழிக்குங்களா, மொசலுக்குங்களா?" என்றார் கடைக்காரர்.

"கரண்ட்டு உள்ள வரக்கூடாதுங்க," என்றாள் தோழி, முகம் மாறாமல்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "அப்பச் சின்னக் கண்ணு வலையாப் பாத்து எடுத்துக்கங்க."

கூண்டு கட்டி, எர்த் வயரும் இழுத்தோம். இரைச்சல் குறைந்ததே தவிர, போகவில்லை.

"எங்கூரு மாசாணியம்மனுக்கு மொளகா அரைச்சுப் பூசிப்போட்டு வாரேன். எவன் வேலைன்னு தெரிஞ்சுபோயிரும்," என்றாள் தோழி.

அதற்கு முன் எங்கள் பேராசிரியரைக் கூப்பிட்டோம். அவர் வந்து உட்கார்ந்ததுமே கோடு நேராகிவிட்டது.

"இதுக்கெல்லாம் கைராசி வேணுங்கம்மணி," என்று ஒரு வயரைத் தொட்டுக் காட்டிவிட்டு, சுவருக்கு அந்தப் பக்கமிருந்த தன் அறைக்குப் போனார். சற்று நேரத்தில் கோடு மறுபடி ஆடியது. மறுபடி கூப்பிட்டோம், மறுபடி அடங்கியது. அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

தோழி என் காதருகே வந்தாள். "ஏபுள்ள, அவரு இங்க வாரதுனால நிக்கல. அங்கிருந்து எந்திரிக்கறதுனால நிக்குது."

மறுநாள் நான் அவரைக் கருவி முன் உட்காரவைத்து, எர்த் போடுவது பற்றிச் சந்தேகம் மேல் சந்தேகமாகக் கேட்டுக்கொண்டே இருந்தேன். தோழி நைசாக அவர் அறைக்குள் நுழைந்தாள். அவர் உற்சாகமாக விளக்கிக்கொண்டிருக்கையில் கோடு குதிக்கத் தொடங்கியது.

"நாந்தான் இங்க இருக்கனே," என்றார் திகைத்துப்போய்.

இருவரும் அடுத்த அறைக்கு ஓடினோம். அவருடைய நாற்காலியில் தோழி உட்கார்ந்திருந்தாள். மேசைக்கடியில், பெட்டி மாதிரி ஒரு கால் மசாஜ் இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது. அவள் கால்கள் முழங்கால் வரை அதற்குள் இருந்தன.

"எந்திரிக்க முடியலீங்க சார். காலப் புடிச்சுக்கிச்சு."

அவர் குனிந்து சுவிட்சை அணைத்தார். நான் திரும்பி வந்து பார்த்தேன். கோடு அசையாமல் படுத்திருந்தது.

"மூட்டு வலிக்கு மக வாங்கிக் குடுத்தது," என்றார் பின்னாலேயே வந்த அவர், சுவரைப் பார்த்தபடி. "இத்தினியூண்டு மோட்டாரு, அது இங்க வரைக்கும் வரும்னு நெனைக்கலீங்க."

அன்று மதியமே நல்ல பதிவு ஒன்று கிடைத்தது. செல் துடிக்கும் ஒவ்வொரு துடிப்பும் தனித்தனியாகத் தெரிந்தது. இயந்திரத்தை, கட்டடத்தின் மறுகோடியில் நாங்கள் சாப்பிடும் அறைக்கு மாற்றினார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு அங்கே வரிசை நிற்க ஆரம்பித்தது. பேராசிரியரும் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று, "ஏனுங்க, ஆச்சுங்களா?" என்று தோழியிடம் கேட்பார். அவள் கண்ணைத் திறக்காமலே, "இப்பத்தானுங்க சார் உட்கார்ந்தேன்," என்பாள்.