பிஷப் விழுந்த இடம்

செத்தவர்களைப் பற்றிக் கிளெனிஸ் த்ரப்புக்குப் புகார் எதுவும் கிடையாது. முப்பத்தொரு வருடமாக இங்கிலாந்தில் கிராட்லி ஹீத் ஊர்ப் பக்கத்துத் தகன மண்டபத்தில் ஆர்கன் வாசிக்கிறாள். பெட்டிக்குள் படுத்திருப்பவர் ஒருவர்கூட அவள் வாசிப்பைப் பற்றி அபிப்பிராயம் சொன்னதில்லை. தொல்லையெல்லாம் பெஞ்சுகளில் உட்கார்ந்திருப்பவர்களால்தான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பெட்டியில் இருந்தவர் பூட்டுத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற டெனிஸ். பெஞ்சுகளில் நரைத்த தாடிக்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர். துக்கத்துக்குக் கோட்டு போட்டிருந்தார்கள். கோட்டுக்குள்ளே எல்லாருக்கும் ஒரே மாதிரி கறுப்பு பனியன், நெஞ்சில் ஊதா அங்கி போட்ட ஒரு பிஷப்பின் படம். அந்த பிஷப்பைப் பார்த்ததும் கிளெனிஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

டெனிஸின் மகன் அவளிடம் வந்தான். "அப்பாவோட கடைசி ஆசைங்க. ஒரு பழைய ஆல்பத்துல வர்ற ஆர்கன் வாசிப்ப போடணும்னு எழுதி வச்சிருக்காரு. சிடி கொண்டாந்தோம், உங்க மிஷின் அத முழுங்கிட்டு கக்க மாட்டேங்குது. 'உப்பு பிஷப்பின் கனவு'னு ஒண்ணு. நீங்க கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க."

"கேள்விப்பட்டிருக்கேன்" என்றாள் கிளெனிஸ்.

கேள்விப்படாமல் என்ன? 1970இல், பத்தொன்பது வயதில், அந்தக் கண்றாவிக்கு ஆர்கன் வாசித்தவளே அவள்தான். நாலு பையன்களும் அவளும். குழுவின் பெயர் பியூட்டர் ஆர்ச்சர்ட். மூன்று நிமிஷப் பாட்டு மட்டமானது, முட்டாள்கள் கேட்பது என்று அந்த வருஷம் இங்கிலாந்தில் முடி வளர்த்த பையன்கள் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் ஞானோதயம் வந்திருந்தது. ஆகவே இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு, இருபத்திரண்டு நிமிஷம். கடலைக் கல்யாணம் செய்துகொள்ள விரும்பும் பிஷப்பின் கதை. எழுதியவன் பாடகன் ராட்ரிக் ஸ்டேன். அவன் அம்மாவின் ஜன்னல் திரையை அங்கியாகத் தைத்துப் போட்டுக்கொண்டு, பாதி நேரம் பாடினான்; மீதி நேரம் பாட்டுக்கு நடுவே வசனம் பேசினான்.

அட்டைப் படத்தில் நாலு பையன்கள் கல்குவாரியில் நின்றார்கள். கண்ணாடி போட்ட பெண் நின்றால் மர்மம் போய்விடும் என்று கம்பெனிக்காரர் சொல்லிவிட்டார். பின்பக்கம் 'ஆர்கன்: ஜி. த்ரப்' என்று போட்டார்கள். தட்டு விற்கவில்லை. பத்திரிகையில் வந்த ஒரே விமர்சனம் நாலு வரி, நாலும் வசை. குழு ஆளுக்கொரு பக்கமாகக் கலைந்தது. அவள் பள்ளிக்கூடச் சமையலறையில் உருளைக்கிழங்கு மசித்தாள். பிறகு இந்த வேலைக்கு வந்தாள்.

மிஷின் சிடியைக் கடைசிவரை விடவில்லை. வேறு வழியில்லாமல் கிளெனிஸ் உட்கார்ந்து அந்தப் பகுதியை வாசித்தாள். ஐம்பத்து நாலு வருஷம் தொடாததை விரல்கள் மறந்திருக்கவில்லை. அதுவே அவளுக்கு எரிச்சலாக இருந்தது. தாடிக்காரர்கள் விம்மினார்கள்.

முடிந்ததும் ஒருவர் நேராக வந்தார். பெயர் லையனல் பக்னல். பழைய இசைத்தட்டுகளை மறுபடி வெளியிடும் சின்னக் கம்பெனி நடத்துகிறவர்.

"நல்லா வாசிச்சீங்கம்மா. ஆனா ஒரு தப்பு. நடுவுல ஒரே நாதம் ஒன்பது எண்ணிக்கைக்கு நீளும். நீங்க நாலுலயே விட்டுட்டீங்க. கார்டன் அத வேணும்னேதான் நீட்டியிருக்காரு. பிஷப்போட ஆத்மா மூழ்குற எடம் அது."

"எந்த கார்டன்?"

"கார்டன் த்ரப். எழுபத்து மூணுல கார்ன்வால் கடல்ல எறங்கினவரு, திரும்பி வரல. மேதை."

"அட்டையில போட்டிருக்கிற 'ஜி'ன்னா கிளெனிஸ். நான்தான் அது. அந்த ஒன்பது எண்ணிக்கை, ராட்ரிக் அவன் அங்கிய அவனே மிதிச்சு என் ஆர்கன் கட்டைங்க மேல குப்புற விழுந்தது. எழுந்திரிக்க அவ்வளவு நேரமாச்சு. ஸ்டுடியோ நேரம் முடிஞ்சிருச்சு, அப்படியே விட்டுட்டாங்க."

லையனல் கருணையோடு சிரித்தார். துக்க வீட்டில் மனம் பேதலித்தவர்களைப் பார்த்துச் சிரிப்பது போல. "கார்டன் செத்த எடத்துல நாங்க வருஷா வருஷம் பூ போடுறோம்மா" என்றார்.

மூன்று வாரம் கழித்து, பழைய ஒப்பந்தத்தில் அவள் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, லையனல் முகம் வெளுத்து அவள் வீட்டுக் கதவைத் தட்டினார். மன்னிப்புக் கேட்டார். ஆல்பத்தை மறுபடி கொண்டுவருவதாகவும், டட்லியில் ஒரு இசைத்தட்டுக் கடையில் விழா என்றும், ராட்ரிக் வருவதாகவும் சொன்னார். ஒரு பிரதியும் வைத்துவிட்டுப் போனார்.

அதைக் கேட்கக் கூடாது என்றுதான் கிளெனிஸ் இருந்தாள். மறுநாள் துணி இஸ்திரி போடும்போது கேட்டாள். நினைத்ததைவிட மோசம். டிரம்ஸ்காரன் ஓடினான், கிடார்காரன் தொலைந்தான், ராட்ரிக் பெருமூச்சு விட்டான். ஆனால் பதினாலாவது நிமிஷத்திலிருந்து நாலு நிமிஷம், அவளே அமைத்த ஆர்கன் பகுதி, உண்மையிலேயே நன்றாக இருந்தது. அதன் மேல்தான் ராட்ரிக் உப்பைப் பற்றிப் பேசிக்கொண்டே போனான். கிளெனிஸ் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, கேட்க ஆளில்லாத வீட்டில் அவனைக் கெட்ட வார்த்தையில் திட்டினாள். விழாவுக்கு வருவதாக லையனலுக்குப் போன் செய்தாள்.

சனிக்கிழமை மதியம் கடையில் நாற்பது ஆண்கள். ராட்ரிக் அகலத் தொப்பியோடு, புது ஊதா அங்கியோடு வந்திருந்தான்.

"கிளென்! அப்படியே இருக்கடீ!"

"நீயும்தான்டா. அதான் பிரச்சினை."

இருவரும் மேடையேறியதும், கூட்டத்தில் யாரோ ஒன்பது எண்ணிக்கையைப் பற்றிக் கேட்டார்கள். "அது மரணத்தோட ஒன்பது வாசல்" என்று ராட்ரிக் தொடங்கினான்.

"தடுக்கி விழுந்தான்" என்றாள் கிளெனிஸ். "மூக்குல ரத்தம் வந்துச்சு."

முன்வரிசையில் ஒருவர் சட்டைக் கையை மெல்லக் கீழே இழுத்துவிட்டார்; முழங்கையில் ஒன்பது என்ற எண்ணைப் பச்சை குத்தியிருந்தார் பாவம். லையனல் பதறிப்போய், இருவரும் சேர்ந்து அந்தப் பகுதியை வழங்குவார்கள் என்று அறிவித்தார். கிளெனிஸ் அங்கே வரவழைத்து வைத்திருந்த ஆர்கனில் உட்கார்ந்தாள். ராட்ரிக் மைக்கை வாய்க்குக் கொண்டுபோனான்.

"ராட்ரிக். வாய மூடிட்டு உக்காரு."

"அந்த வசனம்தான்டீ ஜனங்க கேக்க வந்திருக்காங்க..."

"உக்காருடா."

உட்கார்ந்தான். அவள் நாலு நிமிஷத்தையும் ஒரு சொல்லும் குறுக்கே வராமல் வாசித்தாள், பத்தொன்பது வயதில் எப்படிக் கேட்க வேண்டும் என்று நினைத்தாளோ அப்படி. கைதட்டல் ஓய்வதற்குள் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டாள்.

வெளியே லையனல் ஓடிவந்தார். "அற்புதம்மா. ஆனா அந்த வசனம் இல்லாம கொஞ்சம் வெறுமையா இருந்துச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க."

கிளெனிஸ் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். வந்த பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

புது அட்டையில் இப்போது 'ஆர்கன்: கிளெனிஸ் த்ரப்' என்று முழுசாக இருக்கிறது. அதை மட்டும் அவள் விடவில்லை. ரசிகர்களில் பாதிப்பேர் அவளைக் கார்டனின் தங்கை என்கிறார்கள். இந்த வருஷமும் கார்ன்வால் போய்ப் பூ போட்டார்களாம்.